சான்சரியும் இரண்டாவது சாவியும்

ரயில் டிக்கெட்டை கேன்சல் செய்கிறோம். ஜெர்மனியில் அரசாங்கத்தை நடத்துகிறவருக்குப் பெயர் சான்சலர். நாம் பல்கலைக்கழக வேந்தர் என்று சொல்கிறவரும் ஆங்கிலத்தில் சான்சலர்தான். தூதரகத்தின் அலுவலகக் கட்டடத்துக்குப் பெயர் சான்சரி. மாதா கோயிலில் பீடம் இருக்கும் பகுதியை ஆங்கிலத்தில் சான்சல் என்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான் என்றால் நம்புவீர்களா?

லத்தீன் மொழியில் 'கான்செல்லி' என்றால் கிராதி, குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் வைத்த தடுப்பு. பழைய கோயில்களில் மக்களையும் பீடத்தையும் பிரித்த கிராதி சான்சல் ஆயிற்று. எழுதியதைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு அடித்தால் கிராதி மாதிரி தெரியும், அதிலிருந்து கேன்சல் வந்தது. ரோமானிய நீதிமன்றத்தில் நீதிபதிக்கும் மக்களுக்கும் நடுவில் இருந்த கிராதியின் பக்கத்தில் ஒரு சேவகர் நிற்பார். அவர்தான் கான்செல்லாரியுஸ். முதல் சான்சலர்! அதாவது நம்ம ஊர் கோர்ட் டவாலி மாதிரி ஒருத்தர். அவர் பெயரைத்தான் நாம் 'வேந்தர்' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். டவாலி வேந்தர் ஆன கதை சிரிப்பாக இருந்தாலும், அதற்குள் ஒரு சீரியஸான விஷயம் இருக்கிறது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

கிராதிக்குப் பக்கத்தில் நிற்கிறவன் கையில்தான் மனு போகும். பதிலும் அவன் கை வழியாகத்தான் திரும்பி வரும். நாளடைவில் அந்தப் பதிலை எழுதுகிறவனும், முத்திரை போடுகிறவனும், நகல் எடுத்துப் பெட்டியில் பூட்டுகிறவனும் அவனே ஆகிவிட்டான். பேனா, முத்திரை, சாவி மூன்றும் ஒரே இடத்தில். அந்த இடத்துக்குப் பெயர்தான் சான்சரி. அரசனுக்கும் ஒன்று இருந்தது, போப்புக்கும் ஒன்று இருந்தது, ஒவ்வொரு ஆயருக்கும் இன்றும் ஒன்று இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சான்சரி நல்லது செய்ததா கெட்டது செய்ததா என்பதை அதில் உட்கார்ந்த ஆளின் குணம் தீர்மானிக்கவில்லை. இரண்டாவது சாவி வேறு யாரிடமாவது இருந்ததா என்பதுதான் தீர்மானித்தது. இங்கிலாந்தின் நீதிமன்றமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதை வேறு வேறு விதமாகக் காட்டுகின்றன.

முதலில் போப்பின் சான்சரி. இடைக்கால ஐரோப்பாவில் நிலம், பதவி, திருமணம், வரி என எதற்கெடுத்தாலும் ரோமிலிருந்து ஒரு கடிதம் தேவைப்பட்டது. கடிதத்தில் ஈய முத்திரை தொங்கும். அந்த முத்திரைக்கு 'புல்லா' என்று பெயர், போப்பின் ஆணைகளை 'புல்' என்று சொல்வது இதனால்தான். இவ்வளவு மதிப்புள்ள காகிதம் என்றால் டூப்ளிகேட் வராமல் இருக்குமா? 1198-ல் பதவிக்கு வந்த மூன்றாம் இன்னசென்ட், ரோமிலேயே போலிக் கடிதம் தயாரிக்கும் கும்பல் ஒன்றைக் கண்டுபிடித்தார். உண்மையான கடிதத்திலிருந்து முத்திரையைக் கழற்றிப் பொய்க் கடிதத்தில் கோத்துவிடுவது அவர்களுடைய டெக்னிக்குகளில் ஒன்று. போலிகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர் விதிகளே எழுதினார். அவர் காலத்திலிருந்துதான் போப்புகளின் கடிதப் பதிவேடுகள் பெரிய இடைவெளி இல்லாமல் நமக்குக் கிடைக்கின்றன. எண்ணூறு வருடத்துக்கும் மேற்பட்ட நகல்கள்! எழுதி வை, நகல் எடு, பத்திரப்படுத்து என்ற பழக்கத்தை ஐரோப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்ததில் இந்த அலுவலகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

(கணினியில் எழுத்துரு தேடும்போது 'சாப்ஃப் சான்சரி' என்று ஒன்று கண்ணில் பட்டிருக்கும். போப்பின் எழுத்தர்கள் பயன்படுத்திய சாய்ந்த கையெழுத்துப் பாணியை வைத்து ஹெர்மன் சாப்ஃப் 1979-ல் வரைந்தது. கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் நன்றி சொல்ல வேண்டியது இந்த எழுத்தர்களுக்குத்தான்.)

இங்கே கல்லூரி நண்பர்களுக்காக ஒரு கிளைக்கதை. பாரிஸில் நோத்ர் தாம் பேராலயத்தின் சான்சலர் லைசென்ஸ் கொடுத்தால்தான் அந்த ஊரில் ஒருவர் பாடம் நடத்த முடியும். பல்கலைக்கழக வேந்தர் என்ற பதவி இப்படித் தேவாலய அலுவலகத்திலிருந்து வந்ததுதான். லைசென்ஸ் என்றால் காசு இல்லாமலா? காசு வாங்கினார்கள். அதனால் 1179-ல் மூன்றாம் லாத்தரன் சங்கம் ஒரு விதி போட்டது: பாடம் நடத்த அனுமதி கொடுப்பதற்குக் காசு கேட்கக் கூடாது, தகுதி உள்ளவனைத் தடுக்கவும் கூடாது. பட்டமும் பதவியும் கொடுக்கும் கையெழுத்துக்கு விலை வைப்பது எண்ணூறு வருடத்துக்கும் மேலான வியாதி என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு மருந்தாக ஒழுக்கப் போதனை மட்டும் போதாது, எழுதப்பட்ட விதி வேண்டும் என்று அப்போதே புரிந்திருக்கிறது.

சரி, இங்கிலாந்துக்கு வருவோம்.

அங்கே அரசனின் முத்திரை சான்சலரிடம் இருந்தது. வழக்குப் போட வேண்டும் என்றால் முதலில் அவருடைய அலுவலகத்தில் காசு கொடுத்து ஒரு 'ரிட்' வாங்க வேண்டும். ரிட்டுகளுக்கு அச்சுவார்த்த மாதிரி சில வடிவங்கள்தான் இருந்தன. உங்கள் பிரச்சினை அவற்றில் ஒன்றில் பொருந்தினால் சரி, பொருந்தாவிட்டால் வழக்கே இல்லை. பொருந்தினாலும் எதிராளி ஊர்ப் பெரிய மனிதனாக இருந்தால் ஜூரியில் உட்கார்ந்திருப்பவர்கள் அவனுடைய ஆட்களாக இருப்பார்கள்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் 14-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நேராக சான்சலருக்கே மனு எழுத ஆரம்பித்தார்கள். அந்த மனுக்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் லண்டனில் இருக்கின்றன. நான் ஏழை, அவன் பலம் உள்ளவன், சாதாரண கோர்ட்டில் எனக்கு வழியில்லை, கடவுளுக்காக உதவுங்கள் என்பதுதான் அவற்றின் பொதுவான பாட்டு. விதவைகளின் மனுக்களும் அவற்றில் உண்டு. அந்தக் காலத்து சான்சலர்களில் பெரும்பாலானவர்கள் ஆயர்கள் என்பதைக் கவனியுங்கள். பாவசங்கீர்த்தனமும் திருச்சபைச் சட்டமும் தெரிந்தவர்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பதோடு அவர்கள் நிற்கவில்லை. "உன் மனசாட்சிக்கு இது சரியா?" என்றும் கேட்டார்கள்.

ஓர் உதாரணம். ஒருவன் போருக்குப் போகிறான். தன் நிலத்தை நண்பன் பெயருக்கு எழுதிவைத்து, என் மனைவி மக்களுக்காக இதைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். நம்ம பாஷையில் சொன்னால் பினாமி, ஆனால் நல்ல எண்ணத்தில். அவன் செத்துப்போனதும் நண்பன் கையை விரித்துவிடுகிறான். சாதாரண கோர்ட், பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவன்தான் சொந்தக்காரன் என்று சொல்லிவிடும். சான்சலர், பெயர் உன்னுடையதாக இருக்கட்டும், பலன் அந்தக் குடும்பத்துக்குப் போக வேண்டும், மறுத்தால் உள்ளே போ என்றார். இன்று டிரஸ்ட் என்று நாம் சொல்வது இங்கிருந்து பிறந்ததுதான். அடமானக் கடனைக் கட்ட ஒரு நாள் தாமதமானாலும் நிலம் போச்சு என்றது பழைய சட்டம். கடனை அடைத்து நிலத்தை மீட்கும் உரிமை உண்டு என்றது சான்சரி. தடையாணையும் அதன் கொடைதான். இப்படி வளர்ந்த நீதிமுறைக்கு ஈக்விட்டி என்று பெயர். 1616-ல் சான்சரிக்கும் மற்ற கோர்ட்டுகளுக்கும் பெரிய சண்டை வந்தபோது, முதலாம் ஜேம்ஸ் மன்னர் சான்சரி பக்கம் நின்றார்.

இதுவரை கேட்டால் சான்சலர் நம்ம ஊர் மனுநீதிச் சோழன் மாதிரிதான் தெரிவார். ஆனால் மனுநீதிச் சோழன் எல்லாத் தலைமுறையிலும் பிறப்பதில்லையே! ஈக்விட்டியின் அளவுகோல் அவ்வப்போது இருக்கும் சான்சலரின் பாதத்தின் நீளம் போல மாறும் என்று 17-ம் நூற்றாண்டில் ஜான் செல்டன் கிண்டல் செய்தார். 1621-ல் சான்சலராக இருந்த பிரான்சிஸ் பேக்கன், ஆம், அந்த மாபெரும் அறிஞரேதான், லஞ்சம் வாங்கியதை ஒப்புக்கொண்டு பதவி இழந்தார். 1725-ல் மேக்கிள்ஸ்ஃபீல்ட் பிரபு சான்சரியின் பதவிகளை விலைக்கு விற்றதற்காக 30,000 பவுண்டு அபராதம் கட்டினார்.

ஒருவரின் மனசாட்சியை நம்ப முடியாது என்றதும் முன்தீர்ப்புகளைப் பின்பற்ற ஆரம்பித்தார்கள். அது நல்லதுதான். ஆனால் கூடவே வேறு ஒன்றும் வளர்ந்தது. அலுவலகத்தில் இருந்தவர்கள் சம்பளத்தை விடக் கட்டணத்தை நம்பிப் பிழைத்தார்கள். ஒவ்வொரு நகலுக்கும் பக்கக் கணக்கில் காசு. அதனால் ஒரு பக்கத்தில் எழுத வேண்டியதை இழுத்து இழுத்துப் பல பக்கம் எழுதினார்கள். வழக்கு எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு வருமானம். எல்டன் பிரபு 1801 முதல் 1827 வரை, நடுவில் ஒரு சிறு இடைவெளி தவிர, சான்சலராக இருந்தார். நேர்மையானவர், சட்டத்தில் புலி. ஆனால் தவறு நேர்ந்துவிடக் கூடாது என்று யோசித்து யோசித்தே தீர்ப்பைத் தள்ளிப்போட்டதற்குப் பெயர் போனவர். சான்சரியின் ஆணையை மீறியதற்காகப் பிடிபட்டவர்கள் ஃப்ளீட் சிறையில் வருடக்கணக்கில் கிடந்தார்கள்.

சார்லஸ் டிக்கன்ஸ் 1844-ல் தன் கிறிஸ்துமஸ் கதையைத் திருடிப் பதிப்பித்தவர்கள் மேல் சான்சரியில் வழக்குப் போட்டார். ஜெயித்தார். ஆனால் எதிராளிகள் திவால் ஆகிவிட, செலவை அவரே கட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கோபத்துக்கும் 1852-53-ல் அவர் எழுதிய 'ப்ளீக் ஹவுஸ்' நாவலுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடியாது. அதில் ஒரு சொத்து வழக்கு தலைமுறை தலைமுறையாக நடந்து, கடைசியில் சொத்து முழுவதும் வழக்குச் செலவிலேயே கரைந்துபோனதால் முடிவுக்கு வருகிறது. யோசித்துப் பாருங்கள். ஏழைக்குக் கதவைத் திறக்கப் பிறந்த இடம், உள்ளே போனவன் வெளியே வர முடியாத இடமாகிவிட்டது.

இதை எப்படிச் சரி செய்தார்கள்? நல்ல சான்சலரைத் தேடி அல்ல. 1852-ல் நடைமுறைகளைச் சுருக்கினார்கள், கட்டணத்தில் கொழுத்த பழைய அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தார்கள். 1873, 1875 சட்டங்கள் மூலம் சான்சரியையும் மற்ற கோர்ட்டுகளையும் ஒரே உயர் நீதிமன்றமாக இணைத்தார்கள். இரண்டு முறைகளுக்கும் மோதல் வந்தால் ஈக்விட்டிதான் ஜெயிக்கும் என்று எழுதி வைத்தார்கள். மனசாட்சி சட்டத்துக்குள் வந்தது, தனி ஆளின் பையிலிருந்து வெளியே போனது. 2005-ல் வந்த சட்டம் லார்ட் சான்சலரின் நீதிபதி வேலையையும் எடுத்துவிட்டது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 1801-ல் மதராஸில் தொடங்கிய சுப்ரீம் கோர்ட்டுக்கு ஈக்விட்டி அதிகாரமும் இருந்தது. பிறகு அந்தக் கொள்கைகள் 1877-ன் குறித்தவகைத் தீர்வழிச் சட்டமாகவும் 1882-ன் அறக்கட்டளைகள் சட்டமாகவும் புத்தகத்துக்குள் வந்தன. முன்னது 1963-ல் புதிதாக எழுதப்பட்டது. பக்கத்து மனைக்காரர் நம் இடத்தில் சுவர் எழுப்பினால் இன்ஜங்ஷன் வாங்க ஓடுகிறோமே, அது அந்தப் பழைய ஆயர்களின் கண்டுபிடிப்பு. ஆனால் வழக்கு இழுத்துக்கொண்டே போகும்போது டிக்கன்ஸின் சான்சரியும் கூடவே கப்பலேறி வந்துவிட்டதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு!

இப்போது திருச்சபையின் சான்சரி. ரோமில் இருந்த போப்பின் சான்சரியை 1973-ல் ஆறாம் பால் கலைத்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் ஒரு சான்சலர் இருந்தே ஆக வேண்டும். 1983-ன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 482, அவருடைய வேலையைச் சொல்கிறது: ஆவணங்களைத் தயாரிப்பதும் அனுப்புவதும் காப்பகத்தில் பாதுகாப்பதும். அவர் குருவாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பெண்களும் இந்தப் பதவியில் இருக்கிறார்கள்.

எண் 487-ல் ஓர் அருமையான விஷயம் உண்டு. பொது ஆவணமாக இருந்து, ஒருவருடைய சொந்த நிலையைப் பற்றியதாகவும் இருந்தால், அதன் நகலைப் பெறுவது அவருடைய உரிமை. சலுகை என்று அங்கே சொல்லவில்லை, உரிமை என்றே சொல்லியிருக்கிறது. அதுமட்டுமல்ல, சாதாரணக் காப்பகத்தின் சாவி ஆயரிடமும் சான்சலரிடமும் இருக்க வேண்டும்.

ஆனால் அடுத்த சில எண்களில் இன்னொரு அலமாரி வருகிறது. ரகசியக் காப்பகம். ஒழுக்கம் சம்பந்தமான குற்ற வழக்குகளின் ஆவணங்கள் அதில் இருக்கும். குற்றவாளி இறந்துவிட்டாலோ, தண்டனைத் தீர்ப்பு வந்து பத்து வருடம் ஆகிவிட்டாலோ அவற்றை அழித்துவிட வேண்டும், சுருக்கத்தையும் தீர்ப்பையும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது எண் 489. எண் 490 சொல்கிறது: சாவி ஆயரிடம் மட்டும்.

இங்கேதான் நான் நின்றுவிட்டேன். 1917-ல் வந்த பழைய தொகுப்பைப் பாருங்கள். அதில் ரகசிய அலமாரிக்கு இரண்டு வெவ்வேறு சாவிகள்! ஒன்று ஆயரிடம், மற்றது அவருடைய பொதுப் பதிலாளான குருவிடம், அவர் இல்லாவிட்டால் சான்சலரிடம். இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும், நம்ம ஊர் பேங்க் லாக்கர் மாதிரி. 1983-ல் அந்த இரண்டாவது சாவியை எடுத்துவிட்டார்கள். பல விஷயங்களில் முன்னேறிய ஒரு தொகுப்பு இந்த ஒரு விஷயத்தில் பின்னால் போயிருக்கிறது என்பது என் எண்ணம்.

அது ஏன் முக்கியம்? 2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு கிராண்ட் ஜூரி அறிக்கை வெளியானது. ஆறு மறைமாவட்டங்கள், 300-க்கும் மேற்பட்ட குருக்கள் மேல் குழந்தைகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாகக் குற்றச்சாட்டு, அடையாளம் காணப்பட்ட குழந்தைகள் மட்டும் 1,000-க்கும் மேல். இதற்கு ஆதாரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பெருமளவு மறைமாவட்டங்களின் சொந்த ஆவணங்களிலிருந்தே, சுமார் ஐந்து லட்சம் பக்கங்கள். ரகசியக் காப்பகத்தில் இருந்தவையும் அதில் சேர்த்தி. புகார் வந்தது, எழுதி வைத்தார்கள், பூட்டி வைத்தார்கள். எழுத வேண்டும் என்ற சான்சரியின் நல்ல பழக்கம்தான் உண்மையைக் காப்பாற்றியது. ஒரே சாவி என்ற கெட்ட பழக்கம்தான் அந்த உண்மையைப் பல வருடங்கள் வெளியே விடாமல் வைத்திருந்தது. அதற்குள் அந்தக் குழந்தைகள் வளர்ந்து, சிலர் செத்தும் போய்விட்டார்கள்.

2019 பிப்ரவரியில் வாடிகனில் நடந்த கூட்டத்தில் ஜெர்மனியின் கர்தினால் ராய்ன்ஹார்ட் மார்க்ஸ் இன்னும் மோசமான ஒன்றைச் சொன்னார்: குற்றங்களையும் குற்றவாளிகளையும் காட்டியிருக்கக்கூடிய கோப்புகள் அழிக்கப்பட்டன, அல்லது உருவாக்கப்படவே இல்லை. ஒரு கர்தினாலே சொன்னது இது. அதே வருடம் டிசம்பரில் போப் பிரான்சிஸ் இப்படிப்பட்ட வழக்குகளுக்கு இருந்த 'போப்பாண்டவர் ரகசியம்' என்ற முத்திரையை நீக்கினார். பெரிய மாற்றம்தான், பாராட்ட வேண்டும். ஆனால் எண் 490-ன் ஒற்றைச் சாவி அப்படியே இருக்கிறது.

ரகசியமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். பொய்ப் புகாரில் ஒருவர் பெயர் கெடக் கூடாது. புகார் கொடுத்தவரின் பெயரும் தெருவுக்கு வரக் கூடாது, அவரும் நிம்மதியாக வாழ வேண்டியவர்தானே. எல்லாக் கோப்பையும் இணையத்தில் போடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரகசியம் வேறு, ஒருவர் கையில் மட்டும் இருக்கும் ரகசியம் வேறு. யார் தவறை மறைத்தார் என்ற கேள்வி வருகிறதோ அவரிடமே ஒரே சாவியைக் கொடுத்து வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

என்ன செய்யலாம்? என் அளவில் மூன்று யோசனைகள். ரகசிய அலமாரிக்கு மறுபடியும் இரண்டு சாவி, இரண்டாவது சாவி ஆயரின் கீழ் வேலை செய்யாத ஒருவரிடம், முடிந்தால் குரு அல்லாத ஒருவரிடம். அழிக்கும் விதியை நிறுத்தி வைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குத் தன் புகார் சம்பந்தமான ஆவணத்தின் நகல் கேட்கும் உரிமை வேண்டும். 487-ல் எழுதியிருக்கும் அதே தத்துவம்தான், அதை 490 வரை நீட்டினால் போதும்.

இது திருச்சபைக்கு மட்டும் சொல்லும் புத்தி இல்லை. கோர்ட், கலெக்டர் ஆபீஸ், பல்கலைக்கழகம் என்று எங்கே மனு வாங்கும் ஜன்னல் இருக்கிறதோ அங்கே ஒரு சான்சரி இருக்கிறது. நம் நாட்டில் 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நான் இரண்டாவது சாவியாகத்தான் பார்க்கிறேன். அது மக்கள் கையில் இருக்கும் சாவி. அதைத் தேய்ந்துபோக விட்டால், உள்ளே எவ்வளவு நல்லவர் உட்கார்ந்திருந்தாலும் நாம் எல்டன் பிரபுவின் காலத்துக்குத்தான் திரும்புவோம்.

கிராதியே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. ஒழுங்கு வேண்டும், ஆவணம் வேண்டும், அதைப் பாதுகாக்க ஆளும் வேண்டும். ஆனால் கிராதி என்பது சுவர் இல்லை. அதில் ஓட்டைகள் இருப்பதே இந்தப் பக்கம் நிற்பவனுக்கு அந்தப் பக்கம் நடப்பது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

உங்கள் கருத்து என்ன? முக்கியமாக, இரண்டாவது சாவியை யாரிடம் கொடுக்கலாம் என்று நினைக்கிறீர்கள்? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். திட்டுவதானாலும் பரவாயில்லை, நான் எதையும் கேன்சல் செய்ய மாட்டேன் :-)